யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம்: ஆசனக் கணக்கை வகுத்துப் பார்த்தால்

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. பாதி ஆசனம் என்றதும் பாதி யாழ்ப்பாணமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது போலப் பலரும் பேசினார்கள். அந்தக் கட்சி எடுத்தது 80,830 வாக்குகள். செல்லுபடியான 325,312 வாக்குகளில் அது 24.85 வீதம். கால்வாசி வாக்கு பாதி ஆசனமான கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், இந்த மாவட்டத்தின் பழைய முடிவுகளையும் சரியாக வாசிக்கலாம்.

முதல் வேலை வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்குகளில் 5 வீதம் எடுக்காத கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் கணக்கிலிருந்து தூக்கிவிட வேண்டும். 2024இல் அந்தக் கோடு 16,266. அதற்கு மேலே நின்றவை ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ் காங்கிரஸ் 27,986, 'சுயேச்சைக்குழு 17' என்ற சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈ.பி.டி.பி. (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) 17,730. கூட்டினால் 240,241. மிச்ச வாக்குகள், ஏறத்தாழ 85,000, எந்தப் பிரதிநிதியையும் தெரிவுசெய்யாமல் போய்விட்டன.

அடுத்தது போனஸ். மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு ஆசனத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மீதி 5ஆல் வகுக்க வேண்டும். 240,241ஐ 5ஆல் வகுத்தால் 48,048.2. பின்னம் வந்தால் சட்டப்படி அடுத்த முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும். ஆகவே ஒரு ஆசனத்தின் விலை 48,049. தேசிய மக்கள் சக்திக்கு ஒரு முழு ஆசனம், மிச்சம் 32,781. தமிழரசுக்கு ஒன்று, மிச்சம் 15,278. மற்ற நால்வருக்கும் முழு ஆசனம் கிடையாது. அவர்களின் வாக்கு அப்படியே மிச்சமாக நிற்கும். இன்னும் 3 ஆசனம் இருக்கிறது. பெரிய மிச்சம் யாருக்கு என்று வரிசைப்படுத்தினால் 32,781, 27,986, 27,855. முடிந்தது. 3, 1, 1, 1.

63,327 வாக்குக்கும் ஒரு ஆசனம், 27,855 வாக்குக்கும் ஒரு ஆசனம். தமிழரசுக்காரர் இதில் மனம் நொந்தால் குறைசொல்ல முடியாது. போனஸ் இல்லாமல் 6ஆல் வகுத்திருந்தால் ஒரு ஆசனத்தின் விலை 40,041 ஆகியிருக்கும். தேசிய மக்கள் சக்தி 2, தமிழரசு 2, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. அப்போதும் தமிழரசின் இரண்டாவது ஆசனம், 23,286 என்ற மிச்சம் 22,513ஐ வெறும் 773 வாக்குகளால் முந்தியதால் வந்திருக்கும். தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றதன் விலையைப் பற்றி மேடையில் எவ்வளவோ பேசலாம். தாளில் அது இப்படித்தான் தெரியும்.

இதைவிடச் சுவையான கணக்கு 2015இல். அப்போது 7 ஆசனம். தமிழரசின் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு (இனிக் கூட்டமைப்பு) 207,577, ஈ.பி.டி.பி. 30,232, ஐக்கிய தேசியக் கட்சி 20,025, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 17,309, தமிழ் காங்கிரஸ் சின்னத்தில் நின்ற கஜேந்திரகுமார் பொன்னம்பலம் அணி 15,022. கடைசியாகச் சொன்ன எண்ணைக் கவனியுங்கள். அது 5.00 வீதம். கோட்டுக்கு மேலே அவர்கள் ஏறி நின்றது விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளால்தான். அவர்களுக்கு ஆசனம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களின் 15,022 கூட்டுத்தொகைக்குள் போனது. ஐந்து பேரின் தொகை 290,165. 6ஆல் வகுத்தால் 48,361. கூட்டமைப்புக்கு 4 முழு ஆசனம், மிச்சம் 14,133. கடைசி இரண்டு ஆசனங்களும் ஈ.பி.டி.பி.க்கும் ஐ.தே.க.வுக்கும். போனஸோடு கூட்டமைப்புக்கு 5.

தமிழ் காங்கிரஸ் கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தால்? தொகை 275,143, வகுத்தால் 45,858. கூட்டமைப்பின் மிச்சம் 24,145 ஆகிறது, ஐ.தே.க.வின் 20,025ஐத் தாண்டுகிறது. கூட்டமைப்புக்கு 6, ஐ.தே.க.வுக்குப் பூச்சியம். தனக்கு ஒன்றும் எடுக்காமல் இன்னொருவரின் ஆசனத்தை மூன்றாமவருக்கு மாற்றிக்கொடுப்பது இந்த முறையில் நடக்கக்கூடிய காரியம். (1978 யாப்பில் வெட்டுப்புள்ளி 12.5 வீதமாக இருந்தது. 1988இல் 15ஆம் திருத்தம் 5 ஆக்கியது. பழைய கோடே இருந்திருந்தால் 2015இல் ஏழும் கூட்டமைப்புக்குத்தான்.)

1977 வரைக்கும் இந்த வகுத்தல் ஒன்றும் கிடையாது. தொகுதிக்கு ஒருவர், ஒரு வாக்கு கூடினாலும் வெற்றி. அதனால் பெரிய தலைகள் அடிக்கடி உருண்டன. 1952இல் காங்கேசன்துறையில் தமிழரசின் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் ஐ.தே.க.வின் எஸ். நடேசனிடம் தோற்றார். 1956இல் தமிழரசின் சமஷ்டி அலை அடித்த நேரத்திலும் பருத்தித்துறை கம்யூனிஸ்ட் பொன். கந்தையாவைத் தேர்ந்தெடுத்தது. 1970இல் வட்டுக்கோட்டையில் தமிழரசின் அ. அமிர்தலிங்கம் தமிழ் காங்கிரஸின் ஆ. தியாகராஜாவிடம் தோற்றார்; அதே தேர்தலில் யாழ்ப்பாணம் தொகுதியில் தமிழ் காங்கிரஸின் ஜி. ஜி. பொன்னம்பலம் தமிழரசின் சி. எக்ஸ். மார்ட்டினிடம் தோற்றார். இரண்டு கட்சிகளின் முன்னணித் தலைவர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய மாவட்டம் இது. 'யாழ்ப்பாணம் எப்போதும் ஒரே பக்கம்தான்' என்பவர்கள் 1970ஐ மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.

ஒரே பக்கம் என்ற எண்ணம் வந்தது 1977இல். தமிழர் விடுதலைக் கூட்டணி ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று 11 தொகுதிகளையும் அள்ளியது. இந்த 11 பெயர்களும் இன்றைக்கும் வாக்கு எண்ணும் பிரிவுகளாக நிற்கின்றன; தொகுதிவாரி முடிவு என்று முதலில் வெளிவருவது இவைதான். ஆனால் அவற்றுக்குத் தனித்தனி உறுப்பினர் கிடையாது. வானொலியில் 'நல்லூர் தொகுதியை வென்றது' என்று கேட்டால், அதனால் ஒரு ஆசனமும் அசையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989இல். 11 ஆசனம். ஈரோஸ் என்ற தமிழ் இயக்கம் ஆதரித்த சுயேச்சைக்குழு 150,340 வாக்கோடு 8, கூட்டணியின் பட்டியல் 60,013 வாக்கோடு 3. 1994இல் நடந்தது வேறு விதம். குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். வாக்களிப்பு நடந்தது பெரும்பாலும் தீவுப்பகுதியில். ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக்குழு 10,744 வாக்குகளால் 10இல் 9 ஆசனம் எடுத்தது. ஆசனத்துக்கு 1,200 வாக்குகூட இல்லை. சட்டம் வாக்களித்தவர்களின் தொகையை மட்டுமே வகுக்கிறது; வராதவர்கள் எத்தனை லட்சம் என்றாலும் அதற்கு அக்கறையில்லை. இதன் மறுபக்கம் 2005 ஜனாதிபதித் தேர்தல்: புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம், நாடு முழுவதிலும் வெற்றி வித்தியாசம் 180,786.

2004இல் கூட்டமைப்பு எடுத்த 90.60 வீத வாக்கையும், 2010இல் 23.33 வீதம் மட்டும் வாக்களித்ததையும் தனியே வைத்து முடிவு சொல்லக்கூடாது. முன்னதில் அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதி மக்களுக்குக் கொத்தணி வாக்குநிலையங்கள், ஆயுதங்களின் நிழல். பின்னதில் வாக்காளர் இடாப்பே ஊதிப்போன இடாப்பு: 721,359 பெயர்கள், அதில் இடம்பெயர்ந்தவர்களும் வெளிநாடு போனவர்களும் ஏராளம். பெயர்களைத் துப்புரவாக்கியதும் 2015இல் அது 529,239 ஆனது, ஆசனமும் 9இலிருந்து 7 ஆனது. மாவட்டங்களுக்கான 196 ஆசனங்களில் 160 பதிவான வாக்காளர் தொகைப்படியும், 36 மாகாணத்துக்கு நான்கு என்றும் பிரிகின்றன. 2024இல் இடாப்பு 593,187 ஆகக் கூடியும் ஆசனம் 6க்கு இறங்கியது. மற்ற இடங்கள் இன்னும் வேகமாகக் கூடியதுதான் காரணம். யாழ்ப்பாணத்தின் ஒன்று குறைய, கம்பஹாவுக்கு ஒன்று கூடியது.

இனி, யாரும் அதிகம் பார்க்காத பத்தி: நிராகரிக்கப்பட்ட வாக்குகள். 2024இல் 32,767. வாக்களித்தவர்களில் 9 வீதத்துக்கும் மேல், அதாவது ஆளுக்கொரு ஆசனம் எடுத்த தமிழ் காங்கிரஸின் அல்லது சுயேச்சைக்குழு 17இன் தனித்தனித் தொகையைவிடக் கூட. வாக்குச்சீட்டில் 44 கட்சிகளும் குழுக்களும் வரிசையாக நின்றன. முதலில் கட்சிக்கு எதிரே புள்ளடி, பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. இலக்கத்தில் மட்டும் கீறிக் கட்சிக்குக் கீறாமல் விட்டால் முழுச்சீட்டும் போச்சு. இரண்டு கட்சிகளுக்குக் கீறினாலும் அப்படித்தான். மூன்றுக்கு மேல் விருப்பு இலக்கம் கீறினால் விருப்பு வாக்கு மட்டும் போகும், கட்சிக்கான வாக்கு நிற்கும். செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதியவர்களுக்கு நவம்பரில் புள்ளடி என்றால் தடுமாறத்தானே செய்யும்.

ஒப்பிடும்போது நடக்கும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2013 வடமாகாண சபைத் தேர்தலின் 'யாழ்ப்பாணம்' வேறு, பாராளுமன்றத் தேர்தலின் 'யாழ்ப்பாணம்' வேறு. மாகாண சபைக்கு நிர்வாக மாவட்டம்தான் அலகு. கிளிநொச்சி தனியாகப் போய்விடும். போனஸும் மாவட்டத்துக்கு ஒன்றல்ல, மாகாணம் முழுவதற்கும் இரண்டு. அந்தத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் 16 ஆசனங்களில் தமிழரசு 213,907 வாக்குக்கு 14, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 35,995 வாக்குக்கு 2. பாராளுமன்ற விதிப்படி ஒரு போனஸைக் கழித்து 15ஆல் வகுத்தாலும் 14, 2தான் வருகிறது.