அணிலின் மூன்று வரிகளும் மூன்றாவது லினோ பிளாக்கும்

ஆனி மாதத்து இரண்டாம் ஞாயிறன்று காலை ஆறு மணிக்கு, மூன்றாவது பிளாக்கிலிருந்து எடுத்த ஐந்தாவது மாதிரிப் பிரதியை ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தேன். பிளாக் என்பது உளியால் உருவம் செதுக்கி, மை ஏற்றி, தாள் வைத்து அச்செடுக்கும் லினோ தகடு; செதுக்கிய இடம் அச்சில் வெள்ளையாகவும் செதுக்காத இடம் கறுப்பாகவும் வரும். ஐந்து மாதமாக எனக்குப் பிடிகொடுக்காமலிருந்த அணிலின் முதுகு அந்தத் தாளில் மயிராகவே வந்திருந்தது. வால் இன்னும் செதுக்கப்படவில்லை. பின்னால் நிற்க வேண்டிய தென்னை பென்சில் கோடாகவே இருக்கிறது. ஆனாலும் படம் முடியட்டும் என்று காத்திருக்க மனம் வரவில்லை. இந்த முதுகு எப்படிக் கைக்கு வந்தது என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவைத்துவிட வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் கொல்லையில் ஒரு தென்னை, ஒரு கொய்யா, கறிவேப்பிலை, பவளமல்லி, துளசி ஆகியவை இருக்கின்றன. காலையில் காபி முடிந்ததும் பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வெயில் கிணற்றடிக்கு வரும்வரை வரைவதும், பகலில் வீட்டு வேலை போக மிஞ்சும் நேரத்தில் செதுக்குவதும், மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுப்பதும், இரவில் உளி தீட்டுவதுமாக என் நாள் போகிறது. தை மாதத்தில் ஒரு நாள், ராட்டினத்தில் தொங்கிய பழைய தேங்காய் நார்க் கயிற்றை ஓர் அணில் பிரித்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்களால் கயிற்றைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, ஒவ்வொரு நாராகப் பல்லால் இழுத்து, முன்னங்கைகள் இரண்டாலும் அதை மடித்து மடித்து வாய்க்குள் திணித்தது. வாய் கொள்ளாமல் இரு பக்கமும் மீசைபோல் நார் நீட்டிக்கொண்டிருக்க, கொய்யாவுக்குத் தாவிக் கூட்டுக்குப் போனது. அன்று அது ஏழு முறை வந்தது. நான் ஒன்பது பக்கம் வரைந்தேன். வாயில் நாருடன் திரும்பிப் பார்க்கும் அந்த நிலைதான் இந்தப் படம்.

கூடு கட்டச் சுமக்கும் அணிலைப் பார்த்தால் அணை கட்டச் சுமந்த அணில் நினைவுக்கு வராமல் இருக்காது. முதல் வரைவில் முதுகுக்கு மேலே இராமபிரானின் மூன்று விரல்களையும் வரைந்திருந்தேன். அதை அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “பாசுரத்திலே கோடு எங்கேம்மா வருது? தண்ணியிலே குளிச்சு மண்ணிலே புரண்டுட்டு ஓடறதுதானே வருது?” என்று கேட்டார். அவர் தினமும் திருமாலை சொல்பவர். அவர் சொன்னது சரி. தொண்டரடிப்பொடியாழ்வாரின் அந்த 45 பாசுரங்களில் 27ஆவதில் வரும் ‘சலமிலா அணில்’, அதாவது கள்ளமில்லாத அணில், கடலில் நனைந்து மணலில் புரண்டு அலைநீரை அடைக்க ஓடுகிறது. தடவிக்கொடுக்கும் விரலும் இல்லை, வரியும் இல்லை. இதே ஊரில் நந்தவனம் வைத்து அரங்கனுக்குத் துளசி மாலை கட்டியவர் அவர். தன் தோட்டத்து அணில்களைப் பார்த்துக்கொண்டேதான் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன். விரல்களை அழித்துவிட்டேன். வரி வெளியிலிருந்து வந்து பதிந்த அடையாளமாக அல்லாமல், அணிலின் உடம்பிலிருந்தே வர வேண்டும் என்று தீர்மானித்தது அன்றுதான். அந்தத் தீர்மானம் உளியை என்ன பாடுபடுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வரைவதிலேயே ஒரு பிழை இருந்தது. மூன்று வரிகளையும் ஒரே நீளத்தில் போட்டிருந்தேன். காலண்டர் படங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. நம் ஊர் அணிலில் நடுவரி மட்டுமே தலைப்பக்கத்திலிருந்து வால்வரை ஓடுகிறது. பக்கவரிகள் இரண்டும் முன்னங்காலருகே தொடங்கிப் பின்னங்காலருகே முடிந்துவிடுகின்றன. வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் ஐந்துவரி அணிலின் படத்தைப் பார்த்து வரைபவர்கள் இதில் இன்னும் குழம்பிவிடக்கூடும்.

முதல் பிளாக்கில் வரிகளை, வெட்டுவாய் யு வடிவில் இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் யு உளியால் ஒரே இழுப்பில் எடுத்தேன். நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரைக்காகச் செய்த காந்தியின் லினோகட் எப்போதும் என் மேசைக்கு எதிரில் இருக்கிறது. கறுப்புத் தளத்தில் சில வெள்ளைக் கோடுகளாலேயே உருவத்தை நிறுத்தும் அந்தச் சிக்கனத்தின் மீது எனக்குத் தீராத மயக்கம் உண்டு. ஆனால் ஆடையின் மடிப்புக்கும் கைத்தடிக்கும் பொருந்திய தூய கோடு மயிருக்குப் பொருந்தவில்லை. அச்சில் வந்த முதுகு, கறுப்புத் துணியில் நெய்த மூன்று வெள்ளைக் கரைபோல இருந்தது.

மாசியில் தொடங்கிய இரண்டாவது பிளாக்கில், கோட்டின் இரு ஓரங்களையும் வி உளியால் சின்னச் சின்னக் கீறலாக உடைத்தேன். கீறல்கள் எல்லாம் ஒரே நீளம். அதோடு அவை வரிக்குக் குறுக்காகவே விழுந்துவிட்டன. ஒவ்வொரு வரியும் பூரானாகக் காட்சி தந்தது. மயிர் ஒருபோதும் வரிக்குக் குறுக்காகப் படிவதில்லை, தலையிலிருந்து வாலை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது என்ற எளிய உண்மை, ஒரு பிளாக் வீணான பிறகே எனக்குள் இறங்கியது.

மூன்றாவது பிளாக்கில் வரியைச் செதுக்கவே இல்லை. மயிர் படியும் திசையிலேயே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு, மெல்லியதாக நுழைந்து நடுவில் சற்று ஆழ்ந்து மறுபடி மெல்லியதாக வெளியேறும் கீறல்களை மட்டும் போட்டுக்கொண்டே போனேன். வரி இருக்க வேண்டிய இடத்தில் கீறல்கள் நெருக்கமாகவும், அதன் ஓரத்தில் கலைந்தும், அதற்கு அப்பால் ஒன்றிரண்டாகவும் விழுந்தன. நெருக்கமான இடத்திலும் ஊடே கறுப்புப் பொடிகள் நிற்கும்படி விட்டேன். திருப்புமுனையாக அமைந்தது வரிசைதான். கூரை வேய்பவர் தாழ்வாரப் பக்கத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவதுபோல, வாலருகே தொடங்கித் தலையை நோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு கீறலையும் தலையிலிருந்து வால் பக்கமாகத்தான் இழுக்கிறோம். ஆனால் அடுத்த வரிசை முந்தைய வரிசைக்கு மேலே அமைகிறது. அப்போது புதிய கீறலின் கூர்ந்த நுனி பழைய கீறல்களின் தலைகளுக்கிடையே போய்ப் படுக்கிறது. தலையிலிருந்து தொடங்கினால் இந்தப் பின்னல் கிடைப்பதில்லை. ஓரத்தில் வெட்டிவைத்துப் பார்த்துவிட்டேன். உளி பிடித்த கையைத் திருப்பாமல், இடக்கையால் பிளாக்கைத் திருப்பவும் வேண்டும். முதுகின் வளைவில் கையைத் திருப்பிய இடமெல்லாம் கீறல் கொக்கியாகிவிட்டது.

பாக்ஸ்வுட் என்னும் கடின மரத்தின் குறுக்குவெட்டில் இத்தகைய வெள்ளைக் கீறல்களாலேயே விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மயிரும் இறகும் தந்தவர் இங்கிலாந்தின் தாமஸ் பெவிக் (1753–1828). அந்த மரம் தலைமுடி அளவுக் கீறலையும் தாங்கும். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் படியவைத்த லினோ அவ்வளவு தாங்காது. கீறல்களுக்கிடையே நிற்கும் சுவர் மிகவும் மெலிந்தால் உதிர்ந்துவிடும். அதனால் 20க்கு 15 சென்டிமீட்டர் பிளாக்கில் அணிலின் உடலை நீளவாட்டில் முழுவதும் நிரப்பிப் பெரிதாக்கிக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் ஒரே உளிதான் வேலை செய்தது. அதைத் தீட்டுவதில் போன நேரம் செதுக்கியதில் போன நேரத்துக்குக் குறைந்ததல்ல. வி உளியில் இரண்டு சிறகுகளும் சேரும் அடிமுனையில் எஃகு தடிப்பாக இருப்பதால், சிறகுகளை மட்டும் தீட்டிக்கொண்டே போனால் அந்த முனை சிறு அலகுபோல முன்னால் நீட்டிக்கொள்கிறது. அந்த அலகு லினோவை வெட்டாமல் உழுகிறது. கீறலின் தொடக்கம் பிய்ந்துபோகிறது. இரண்டாவது பிளாக்கில் நான் லினோவைக் குறை சொன்ன இடங்கள் பலவற்றுக்கும் காரணம் இந்த அலகுதான். இப்போது சிறகுகளைத் தீட்டிய பின், அடிமுனையைக் கல்லில் இடமும் வலமுமாக உருட்டிச் சற்றே உருண்டையாக்குகிறேன். பிறகு மெருகேற்றும் பச்சைப் பசை பூசிய தோலில் பின்னோக்கி மட்டும் இருபது இழுப்பு இழுக்கிறேன். அரை மணிக்கு ஒரு முறை செதுக்குவதை நிறுத்தித் தோலில் இழுக்க வேண்டும். உளி மழுங்கியதைக் கண் காணும் முன்பே காது கேட்டுவிடும்: கூரான உளி மௌனமாகப் போகும், மழுங்கியது நறநறக்கும்.

வைகாசி வெயிலும் இதில் ஒரு கை பார்த்தது. குளிர் நாடுகளில் லினோவை இளக்கச் சூடாக்குகிறார்கள். திருச்சி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு அது தேவைக்கு மேல் இளகி, நான் நினைத்த ஆழத்தைத் தாண்டி உளி இறங்கிவிடுகிறது. நுண்ணிய கீறல்களை விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் முடித்துக்கொண்டேன். யு உளியால் பெரிய வெள்ளைகளை எடுப்பதற்கு மட்டும் பிற்பகல் உதவியது.

லினோ வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை இணையத்தில் வாங்கிய மூன்று தாள்களும் பழைய சரக்கு. ஓரத்தை லேசாக வளைத்ததுமே வெடித்தன. திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அந்தக் கடையிலிருந்து பதில் இல்லை. இப்போது ஒரு துண்டு மட்டும் முதலில் வாங்கி, வளைத்துப் பார்த்து, செதுக்கிய சுருள் உடையாமல் எழுகிறதா என்று பார்த்த பிறகே மிச்சத்தை வாங்குகிறேன்.

முதல் நான்கு பிரதிகளும் ஏன் கெட்டன என்றால், மை அதிகம். புது பிளாக் மை குடிக்கும் என்று எண்ணி ரோலரில் தாராளமாக எடுத்துவிட்டேன், கீறல்கள் அடைத்துக்கொண்டன. ஐந்தாவதற்கு, கண்ணாடியில் ரோலர் ஓடும் ஓசை மெல்லிய சரசரப்பாகக் குறையும்வரை மையைப் பரப்பி, மிக மெல்லியதாக ஆறு முறை ஏற்றினேன். தண்ணீர் மை எங்கள் காற்றுக்கு ஐந்தே நிமிடத்தில் பிளாக்கிலேயே காய்ந்துவிடுவதால் எண்ணெய் மைக்கு மாறி வெகுநாளாகிறது. துடைக்கத் தேங்காயெண்ணெயை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது காயாத எண்ணெய். சோப்பு போட்டு முழுவதும் எடுக்காவிட்டால் அடுத்த அச்சின் மையும் காயாமல் பிசுபிசுக்கும்.

தாளையும் மாற்றினேன். புதுச்சேரியிலிருந்து வாங்கிய கைத்தாள் எனக்கு உயிர். ஆனால் அதன் சொரசொரப்பில் இந்தக் கீறல்கள் தொலைந்துபோயின. நேபாளத்து லோக்தா தாள், புதர்ச்செடியின் பட்டை நாரில் செய்வதால் மெல்லியதாக இருந்தும் உறுதியாக இருக்கிறது. மரக்கரண்டியின் முதுகால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் கிழிவதில்லை. அதன் வழவழப்பான பக்கத்தில்தான் ஐந்தாவது பிரதி வந்தது.

அணில் முடியுமுன்பே அடுத்தது மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. இராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது என்று ஒரு கதை சொல்லி, சிறுவர்கள் ஓணானைக் கல்லால் அடிப்பதை என் சிறுவயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தக் குற்றமும் செய்யாத அந்த உயிருக்கு இந்தக் கதை இழைத்த கொடுமை எனக்கு இன்றும் உறுத்துகிறது. எங்கள் வேலிக்கல்லில் ஒரு கடுவன் ஓணான், தொண்டை சிவக்க, முன்னங்கால்களை ஊன்றி உடம்பை ஏற்றி ஏற்றி இறக்கும். அதை அணிலுக்கு இணையாக, அதே அளவில், அதே மதிப்போடு செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். தொண்டைச் சிவப்புக்குத் தனியாக இன்னொரு பிளாக் வேண்டும். இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்த, அட்டையில் மூலைச் சட்டம் ஒட்டிப் பழகத் தொடங்கியிருக்கிறேன். செதில் விளிம்புகளுக்கு இந்தக் கூரை வேயும் வரிசை ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

இப்போதைக்கு வால் காத்திருக்கிறது. வாலில் கறுப்பு மயிரும் வெள்ளை மயிரும் கலந்து, நீளமாக, காற்றில் விரிந்து நிற்பதால் முதுகின் குட்டைக் கீறல் அங்கே செல்லாது. வீணான இரண்டாவது பிளாக்கின் ஓரத்தில் நேற்று ஒரு சென்டிமீட்டர் நீளக் கீறல்களைப் போட்டுப் பார்த்தேன். பாதியில் கை தளர்ந்து எல்லாம் அலைந்துவிட்டன. மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் முழங்கையிலிருந்து இழுத்தபோது மூன்று மட்டும் நேராக வந்தன. பன்னிரண்டு பிரதிகளை ஆடிக் காற்று புழுதி கிளப்புவதற்கு முன் எடுத்து, உள்ளறைக் கொடியில் உலர்த்திவிட எண்ணம். உளியைத் தோலில் இழுத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை ஐந்தரைக்கு வாலின் நுனியிலிருந்து தொடங்குகிறேன்.