ஒரே கீறல் இரண்டு தடவை வந்தால்

காய்ந்த பிரஷ்ஷை இழுத்தது போல ஓரமெல்லாம் பிசிறு, நடுவில் மை விட்டுப்போன கோடுகள், எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. இந்த மாதிரி ஃபான்ட் எதைப் பார்த்தாலும் எனக்கு டவுன்லோட் பண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் போஸ்டரில் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு: ஆங்கில 'ஓ'வை இரண்டு தடவை அடுத்தடுத்துத் தட்டிப் பார்ப்பேன். முதல் 'ஓ'வில் இருக்கும் அதே கீறல் அதே இடத்தில் இரண்டாவதிலும் வந்தால், சரி, மூடி வைத்துவிடலாம். சாதாரண ஃபான்ட்டில் இரண்டும் ஒன்றாக இருப்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை, இங்கே கையால் எழுதியது என்று நம்ப வைப்பதே அந்தக் கீறல்தான், அது அச்சடித்தாற்போல் திரும்ப வந்தால் குட்டு உடைந்துவிடும்.

நல்ல ஃபான்ட்டுகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று வடிவம் வைத்திருப்பார்கள். பக்கத்தில் என்ன எழுத்து வருகிறது என்று பார்த்து ஃபான்ட்டே மாற்றிப் போட்டுக்கொள்ளும், ஓபன்டைப் என்ற ஃபான்ட் ஃபைல் வகையில் இதற்குக் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் என்று பெயர். சில எளிய ஆப்களில் இது வேலையே செய்யாது.

சாய்வெழுத்து அச்சுக்கு வந்தது 1501 வாக்கில், வெனிஸில் புத்தகம் அச்சிட்டு வெளியிட்ட ஆல்டஸ் மனூட்டியஸுக்காக அச்செழுத்து வெட்டும் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டியது. அது பேனா ஓட்டத்தின் சாய்வு. 1942இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து வார்க்கும் கம்பெனி வெளியிட்ட பிரஷ் ஸ்கிரிப்ட் ஃபான்ட்டும் சாய்வுதான், பிரஷ்தான், ஆனால் ஓரங்கள் வழவழவென்று இருக்கும். பிரெஞ்சு எழுத்து வடிவமைப்பாளர் ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் சொந்தக் கையெழுத்தை வைத்து 1953இல் செய்த மிஸ்ட்ரல் ஃபான்ட் எனக்கு இன்னும் பிடிக்கும், ஈயத்தில் வார்த்த தனித்தனி எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

பிசிறுக்கு ஒரு விலை உண்டு. ஸ்கேன் செய்த எழுத்தை வெக்டராக, அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடுகளாக, மாற்றும்போது ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு நுனியும் புள்ளிகளாக மாறுகிறது, சாதாரண ஃபான்ட்டில் சில பத்துப் புள்ளிகளோடு முடிகிற எழுத்து இங்கே நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். ஃபைல் வீங்கும். ஸ்டிக்கர் போல ஒட்டும் வினைல் ஷீட்டை வெட்டும் மெஷினுக்கு அனுப்பினால் பிளேடு ஒவ்வொரு துணுக்கையும் சுற்றிச் சுற்றி வரும், பிறகு அந்தத் துணுக்குகளை உரித்தெடுப்பது தனி வேதனை. அந்த வேலைக்கு பிசிறில்லாத வடிவமும் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். சின்ன அளவில் போட்டாலும் பிரயோஜனமில்லை, கீறல்கள் அடைத்துக்கொண்டு அழுக்கு மாதிரி தெரியும். அப்புறம், ஏற்கனவே சாய்ந்திருக்கும் எழுத்துக்கு மேல் இட்டாலிக் பட்டனையும் அமுக்காதீர்கள், பல மென்பொருள்கள் அதை இன்னும் தள்ளி விழுகிற மாதிரி ஆக்கிவிடும்.

தமிழுக்கு இப்படி ஒன்று செய்கிறவர்களுக்குத் தலைவலி கூட. துணைக்கால், கொம்பு, புள்ளி மூன்றும் ஒரே வரியில் எத்தனை தடவை வருகின்றன பாருங்கள்! மற்ற எழுத்துகளுக்கு இரண்டு வடிவம் போதுமென்றால் துணைக்காலுக்கு நாலைந்தாவது வேண்டும். புள்ளிக்கு அவ்வளவு கஷ்டமில்லை, பிரஷ் நுனியால் பத்துத் தடவை தொட்டு ஸ்கேன் செய்தால் பத்தும் வேறு வேறாகத்தான் வரும்.