தலைவலிக்குத் தடுப்பு மருந்து கேட்டு அலைந்த கதை

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு, கம்பெனி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் பேனல் கிளினிக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தலைவலி என்று போய் நின்றால் ஓர் ஊசி, கொஞ்சம் பொன்ஸ்தான் வலி மாத்திரை, ஒரு நாள் எம்சி என்கிற மருத்துவ விடுப்பு. வருடக்கணக்கில் எனக்கு இதுதான் வைத்தியம். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் மாத்திரை உண்டு என்று அங்கே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மாதத்தில் 4 நாளுக்கு மேல் வந்து ஆளைப் படுக்கப் போட்டாலே தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டுமாம். எனக்கோ மாதத்தில் பாதி நாள் வலி. நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

வழி காட்டியது அரசு கிளினிக். 1 ரிங்கிட் கட்டிவிட்டு உள்ளே போனால், அந்த இளம் டாக்டர் முதலில் கேட்டதே "வலி மாத்திரை மாதத்தில் எத்தனை நாள் போடுறீங்க?" என்றுதான். பனடோல், பொன்ஸ்தான் மாதிரி சாதாரண மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சுமாட்ரிப்டான், எர்கோட்டமின் போன்ற ஒற்றைத் தலைவலி மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும் என்று விளக்கினார். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நிபுணரைப் பார்க்க ருஜுக்கான் (பரிந்துரை) கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அலைச்சல் அந்தக் கடிதத்தில்தான் தொடங்கியது. சம்பளமில்லா விடுப்பு போட்டு, பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மருத்துவமனை கவுண்டரில் நீட்டினால், "அக்கா, இதுல கிளினிக் முத்திரை இல்லையே, செல்லாது" என்று திருப்பித் தள்ளினார் அங்கிருந்த தம்பி. கிளினிக்குக்கு ஒரு போன் அடித்துக் கேட்கலாமே என்றேன். பதில் இல்லை, அடுத்த நம்பரை அழைத்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல், வாந்தியை அடக்கிக்கொண்டு நின்ற ஒருத்தியிடம் காட்ட வேண்டிய முறையா இது? முத்திரைக்காகத் திரும்பவும் கிளினிக், அப்புறம் திரும்பவும் மருத்துவமனை. கிடைத்த தேதியோ சில மாதம் தள்ளி.

அதனால் சொல்கிறேன், கடிதம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஐசி (அடையாள அட்டை) எண், டாக்டர் கையெழுத்து, முத்திரை, எவ்வளவு காலமாக வலி, இதுவரை போட்ட மருந்துகள் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் 'தலைவலி' என்று மட்டும் எழுதியிருந்தால், விவரம் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்த மாதங்களில் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். எந்த நாள் வலி, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, மாதவிலக்கு எப்போது, எந்த ஷிப்ட், சாப்பாடு தவறியதா என்று. நிபுணர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இரவு ஷிப்ட் மாறும் வாரத்தில்தான் கூடுகிறது" என்றார். இத்தனை வருடத்தில் என் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

ஸ்கேன் எடுக்கச் சொல் என்று வீட்டில் எல்லோரும் நச்சரித்திருந்தார்கள். கண், கை கால் பலம் எல்லாம் சோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, வலியின் போக்கும் பல வருடமாக மாறவில்லை, ஸ்கேன் தேவைப்படாது என்றார். இதுவரை இல்லாத அளவுக்குத் திடீரென்று மண்டை பிளந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ அப்பாய்ன்மெண்ட் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

தடுப்பு மருந்தாக புரோப்ரனோலோல் எழுதினார். மருந்துக் கவுண்டரில் இருந்த தங்கச்சிதான் பையைக் கொடுக்கும் முன், "அக்கா, உங்களுக்கு இழுப்பு, ஆஸ்துமா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே. டாக்டர் அதைக் கேட்கவே இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். திரும்ப மேலே போய், அமிட்ரிப்டிலின் என்று மாற்றி வாங்கினேன். கேட்கிறார்களோ இல்லையோ, இழுப்பு, ரத்த அழுத்தம், வேறு மாத்திரைகள் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும்தான். தடுப்புக்குக் கொடுக்கும் வேறு மாத்திரைகளான வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை.

முதல் வாரங்களில் வாய் வறண்டது, காலையில் எழவே முடியவில்லை. பலன் தெரிய எட்டு வாரம்கூட ஆகலாம், அதற்குள் நிறுத்தாதே என்று முன்பே எச்சரித்திருந்ததால் தாக்குப்பிடித்தேன். இரவு ஷிப்ட் வாரத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல், படுக்கப் போகும் முன் போடச் சொன்னார்கள். மாத்திரை மயக்கத்தோடு பினாங்குப் பாலத்தில் வண்டி ஓட்டக் கூடாது.

வலி அடியோடு போகவில்லை. வரும் நாட்கள் பாதிக்கும் கீழே குறைந்திருக்கின்றன. தடுப்பு மருந்தில் எதிர்பார்க்க வேண்டிய பலனே அதுதானாம். மாத்திரைகள் ஒத்துவராவிட்டால் எரெனுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன என்றார் நிபுணர். இப்போதைக்கு மாத்திரையே போதும். அடுத்த அப்பாய்ன்மெண்டுக்கு 5 ரிங்கிட்டும் நோட்டும் எடுத்துக்கொண்டு போவேன். ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி தொழிற்சாலைக்கு ஒரு கடிதமும் கேட்கப் போகிறேன், முத்திரையோடு.