பெரியப்பா மண்டைக்கு டாப்ளர்

பக்கவாதம் வந்து சேலத்துல அட்மிட் ஆகியிருக்கிற பெரியப்பாவுக்கு இன்னிக்கு டாப்ளர் ஸ்கேன். கழுத்துக்கு இல்லைங்க, மண்டைக்கு! அம்மாப்பேட்டை சொந்தக்காரங்க யாரும் நம்பல.

கன்னப்பொட்டுல எலும்பு மெலிசு. அங்க ஜெல் தடவி புரோபை (ஸ்கேன் மெஷினோட கைப்பிடி முனை) வச்சு, 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை உள்ள அனுப்புறாங்க. அஞ்சு செ.மீ. ஆழத்துல மூளையோட நடுத்தமனி. "உஷ்ஷ்... உஷ்ஷ்..."னு சத்தம் வந்ததும் பெரியம்மா, "அவரு ரத்தமாடா இப்படிக் கத்துது?"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

ரத்தம் ஓடுற வேகத்தைத்தான் அளக்குறாங்க. சாதாரணமா சராசரி விநாடிக்கு 60 செ.மீ. பக்கம் இருக்கும். குழாய் சுருங்கினா வேகம் ஏறும், ஹோஸ் பைப்பு வாயை விரலால அமுக்கினாப்ல. 100ஐத் தாண்டினா பாதிக்கு மேல சுருக்கம்னு சந்தேகப்படுவாங்க. பெரியப்பாவுக்குத் தாண்டிடுச்சு. உறுதி பண்ண சிடி ஆஞ்சியோ (மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் படம் எடுக்கிற ஸ்கேன்) எழுதியிருக்காங்க.

1982லேயே ரூனே ஆஸ்லிட்ங்கிற நார்வே ஆராய்ச்சியாளர் கொண்டுவந்த முறை இது. மண்டைக்குள்ள தமனி சுருங்குறது வெள்ளைக்காரங்களை விட நம்ம ஆசியாக்காரங்களுக்குத்தான் அதிகமாம். அப்புறம் ஏன் இதைப் பத்தி யாருமே பேசறதில்லை?

பெரியம்மாவுக்கும் பார்க்கலாமான்னு கேட்டா டெக்னீஷியன் சிரிக்கிறாரு. வயசான பெண்கள் பலருக்குப் பொட்டெலும்பு தடிச்சு ஒலியே உள்ள போகாதாம்.