அறுபது சொற்கள்

"அறுபது சொற்களுக்குத்தான் இடம்" என்றேன். பொய்யில்லை. கண்காட்சிப் பலகை ஒவ்வொன்றுக்கும் அதுதான் அளவு. ஆனாலும் அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள கிப்ஸ்லாந்தின் வெள்ளைப் பெண்ணைப் பற்றிய பலகை அது. அங்குள்ள பூர்வகுடிகளான குர்னாய் மக்களிடம் ஒரு வெள்ளைக்காரி சிக்கியிருக்கிறாள் என்ற பேச்சு, 1840 இறுதியில் சிட்னிப் பத்திரிகையில் வந்த, ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஆங்கஸ் மக்மில்லனின் குறிப்பிலிருந்து கிளம்பியது. 1846இல் மெல்பர்ன்காரர்கள் பணம் திரட்டித் தேட ஆள் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அரசே அனுப்பியது. அவளுக்காகக் காட்டில் விட்டுச்சென்ற கைக்குட்டைகளில் ஆங்கிலத்திலும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலும் செய்தி அச்சிட்டிருந்தார்கள்: ஆயுதம் ஏந்திய பதினான்கு பேர் உன்னைத் தேடுகிறார்கள், விடியற்காலையில் விழிப்பாக இரு, வெள்ளையர் குடியிருப்பு சூரியன் மறையும் திசையில் இருக்கிறது. இதை யாரால் விட முடியும்? கடைசியில் அகப்பட்டதோ, கப்பல் முகப்பிலிருந்த மரப் பெண்ணுருவம்!

குர்னாய் மூதாட்டி ஒருவர் பலகையை இரண்டு முறை படித்தார். "பஞ்சலீனா எங்கே?" என்றார்.

பஞ்சலீனா குர்னாய்த் தலைவர். பெண்ணை ஒப்படைக்கச் சொல்லி அவரையும் குடும்பத்தையும் பிடித்து, பூர்வகுடிக் காவல்படை முகாமில் வைத்திருந்தார்கள். இருந்தாளா என்றே உறுதியாகாத ஒருத்தியை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? 1848இல் காவலிலேயே இறந்தார்.

அப்போதுதான் அந்த அறுபது சொல் கணக்கைச் சொன்னேன். "அதில் கைக்குட்டைக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு அவர் நகர்ந்தார். பிறகு எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு.

முதல் வரைவில் 'வதந்தி' என்றுதான் எழுதியிருந்தேன். 'மர்மம்' என்று போடச் சொன்னது மேலாளர். ஆனால் பஞ்சலீனாவை எடுக்கச் சொன்னது யாருமில்லை, அது என் கத்தரி. 1843இல் குர்னாய் மக்களைக் குடியேறிகள் கொன்ற வாரிகல் கிரீக் படுகொலைக்குத் தனிப் பலகை இருக்கிறது, மக்மில்லன் பெயரோடு. அதையும் நான்தான் எழுதினேன். அந்த நேர்மையை இந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாமா? சில இரவுகளில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது பலகை மாறிவிட்டது. பெயர் இருக்கிறது, கைக்குட்டைக்கு ஒன்பது சொல். பள்ளிப் பிள்ளைகள் படத்துக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். "அந்தப் பெண் கிடைத்தாளா, சார்?" என்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுப் பஞ்சலீனாவைத் தொடங்குவதற்குள் அடுத்த அறைக்கு ஓடிவிடுகிறார்கள். எல்லா நாளும் நான் கூப்பிடுவதில்லை.