கூட்டக் கணக்கு: ஃபிளீட்வுட் மேக்கின் முதல் ஏழு ஆண்டுகள்

2023 செப்டம்பர் 24, ஞாயிறு

பழைய பேரேடு ஒன்றில் எழுதப்படாமல் மிஞ்சியிருந்த தாள்களில் இன்று கோடு போட்டு, நாள், இடம், மேடையில் இருந்தவர்கள், ஆட்கள் என்று நான்கு பத்திகள் பிரித்தேன். ஃபிளீட்வுட் மேக் இசைக்குழு என்றதும் 1975க்குப் பிந்தைய அமெரிக்க விளையாட்டரங்கக் கூட்டங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கணக்கு. இலண்டன் புளூஸ் குழுவாகத் தொடங்கி, ஆள் மாறி ஆள் மாறி வந்த அந்த ஏழு ஆண்டுகளில் எந்த அணியைக் கேட்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஓரளவாவது நிறுவிவிட வேண்டும்.

முதல் வரி எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். 1967 ஆகஸ்ட் 13, விண்ட்சரில் நடந்த தேசிய ஜாஸ், புளூஸ் விழா. மேடையில் பீட்டர் கிரீன், ஜெரமி ஸ்பென்சர், மிக் ஃபிளீட்வுட், பாப் பிரன்னிங். நான்காம் பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அன்றைய நிகழ்ச்சியில் கிரீம் குழு இருந்தது, ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவும் இருந்தது. அந்தக் குதிரைப்பந்தயத் திடலுக்கு வந்த அத்தனை பேரையும் அன்றுதான் பிறந்த ஒரு குழுவின் பெயரில் எழுதுவது, சந்திப்பு நிலையத்தில் நிற்கும் எல்லோரையும் ஒரே வண்டியின் பயணிகள் என்று எழுதுவதற்குச் சமம். இடத்தைக் காலியாக விட்டேன்.

2023 செப்டம்பர் 30, சனி

விண்ட்சருக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, வார்டர் தெருவிலிருந்த மார்க்கீ மன்றத்தில் இதே நால்வர் வாசித்ததன் ஒலிப்பதிவு பிற்காலத்தில் வெளியானது. தரம் மிகவும் மட்டம். பாட்டைக் கேட்பதற்காக அதை வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். நான் கைதட்டலைக் கேட்பதற்காக வாங்கினேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நிறுத்தி, செவிக்கருவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தனித்தனிக் கைகளைப் பிரித்தறிய முடிகிறதா என்று முயன்றேன். ஓரிரு கைகள் தெளிவாகப் பிரிகின்றன, மற்றவை இரைச்சலில் கரைந்துவிடுகின்றன. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் பத்துப் பேர், தொலைவில் நிற்கும் நூறு பேரை விடப் பெரிய கூட்டமாகக் கேட்பார்கள் என்பது உறைத்தவுடன் இந்த வழியைக் கைவிட்டேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் இதில் போனது.

2023 அக்டோபர் 1, ஞாயிறு

எண் கிடைக்காத இடத்தில் வேறொன்று சாட்சி சொல்கிறது. பேஸ் கிட்டார்க்காரர் ஜான் மெக்வீயின் பெயரும் சேர்ந்துதான் குழுவின் பெயரே அமைந்தது. ஆனாலும் அவர் உடனே சேரவில்லை. மேயாலிடம் கிடைத்த நிலையான சம்பளத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. விளம்பரம் பார்த்து வந்த பிரன்னிங், மெக்வீ வரும்வரை மட்டும் என்ற உடன்பாட்டில் சில வாரங்கள் இடத்தைக் காத்தார். செப்டம்பரில் மெக்வீ வந்ததும் விலகிக்கொண்டார், பிறகு ஆசிரியராகப் பணியாற்றினார். புதிய குழுவுக்குக் கூட்டம் வரும் என்று ஆகஸ்டில் அதன் பெயரில் பாதியைத் தந்தவரே நம்பவில்லை என்று இதை வாசிக்கிறேன்.

அதன் பிறகு சில மாதங்கள் மதுக்கடைப் பின்னறைகளும் மாடி அறைகளும்தான். இலண்டனின் பேட்டர்சியில் நேக்ஸ் ஹெட் மதுக்கடையில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் மைக் வெர்னன் நடத்திய புளூ ஹொரைசன் மன்றம் அப்படிப்பட்ட இடம். அங்கே நூறுகளில்தான் எண்ண முடியும். ஆனால் அதே ஆட்கள் அடுத்த வாரமும் வருவார்கள். 1968 பிப்ரவரியில் வெர்னனின் நிறுவனம் வெளியிட்ட, குழுவின் முதல் இசைத்தொகுப்பு, பெயர் சொல்லும்படியான தனிப்பாட்டு வெற்றி எதுவும் துணைக்கு இல்லாமலேயே, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறி 37 வாரங்கள் நின்றது. அந்தப் பின்னறைகளை விட்டால் அதை வாங்கியவர்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2023 அக்டோபர் 7, சனி

இலண்டன் பாடிங்டன் நிலையத்தில் வண்டியேறிப் பாத் நகருக்குப் போய் வந்தேன். 1969 ஜூன் 28 அன்று பாத் புளூஸ் விழா நடந்த பொழுதுபோக்குத் திடல், நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஏவன் ஆற்றின் கரையில் இருக்கிறது. இப்போது ரக்பி ஆடுகளமாகவே எல்லோருக்கும் தெரியும். அன்றைய விழாவின் தலைமை நிகழ்ச்சி ஃபிளீட்வுட் மேக். அதற்குள் டேனி கிர்வன் சேர்ந்து மூன்று கிட்டார்க்காரர்களுடன் ஐவராகியிருந்தார்கள். குரலே இல்லாத ‘அல்பட்ராஸ்’ என்ற அவர்களது இசைத்தட்டு அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்திருந்தது. ஆகவே, கூட்டத்தைத் தயக்கமின்றி இவர்கள் கணக்கில் எழுதக்கூடிய முதல் பெரிய வரி இது.

ஆனால் எந்த எண்ணை எழுதுவது? ஒரு பதிவு 12,000 பேர் என்கிறது. இன்னொன்று 30,000 நுழைவுச்சீட்டுகள் முதல் வாரத்திலேயே விற்றுத் தீர்ந்தன என்கிறது. போன வாரம் அவசரப்பட்டு 30,000 என்று மையில் எழுதிவிட்டேன்.

ஆற்றின் மறுகரையில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றேன். பார்வையாளர் வரிசைகளின் முதுகுதான் முக்கால்வாசி தெரிகிறது; இடைவெளியில் ஒரு துண்டுப் புல் தெரிந்தது. அந்தத் துண்டில் எத்தனை பேர் கால் நீட்டி உட்காரலாம் என்று விரலால் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் நான் பறவை தேடுவதாக எண்ணி, நாரை அந்தப் பக்கம் என்று அணையைக் காட்டினார்.

2023 அக்டோபர் 8, ஞாயிறு

கூட்டத்தை எண்ண ஒரு நல்ல முறை அதே காலத்தில்தான் உருவானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தம் அலுவலகச் சன்னலுக்குக் கீழே வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் கூடுவதைக் கவனித்து வகுத்த விதி அது: தளர்ந்த கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருங்கிய கூட்டத்தில் 4.5 சதுர அடி.

ஒரு ரக்பி ஆடுகளத்தை 100 மீட்டருக்கு 70 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 75,000 சதுர அடி. தளர்வாக 7,500 பேர், நெருக்கமாக 16,700 பேர். கோடைக்கால விழாவில் புல்லில் விரிப்புப் போட்டு, பையை வைத்து, நாள் முழுவதும் உட்காரும் ஒருவருக்கு 10 சதுர அடியே குறைவு. அந்தக் கணக்கில் 12,000 பேருக்கு ஒன்றரை ஆடுகளத்துக்குச் சற்றுக் கூடுதல் போதும். 30,000 பேருக்கு நான்கு ஆடுகளம் வேண்டும், மேடையும் கடைகளும் நடைவழியும் நீங்கலாக. திடல் ஆடுகளத்தை விடப் பெரியதுதான், ஆனாலும் சிறிய எண்ணின் பக்கமே சாய்கிறேன். 30,000ஐ அடித்து, மேலே 12,000 என்று பென்சிலில் எழுதினேன்.

அந்த மேடையில் இவர்களுக்குக் கீழே பெயர் போட்டிருந்த குழுக்களில் ஒன்று லெட் செப்பலின். அடுத்த ஆண்டு ஷெப்டன் மாலட்டில் நடந்த பாத் விழாவில் அவர்களே தலைமை.

2023 அக்டோபர் 15, ஞாயிறு

1969 ஏப்ரலில் அமெரிக்க புளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங்குடன் சேர்ந்து இலண்டன் இராயல் ஆல்பர்ட் அரங்கில் வாசித்தார்கள். அரங்கம் என்றால் இருக்கைகளை எண்ணி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். 8,000 பேருக்கென்று வடிவமைத்த கட்டடம் அது. 12,000 பேர் வரை அடைத்திருந்த நாள்களும் உண்டு. இன்றைய பாதுகாப்பு விதிப்படி உச்சவரம்பு 5,272. ஒரே கூரையின் கீழ் மூன்று எண்கள். அது தவிர, வந்தவர்களில் பெரும்பாலோர் பி.பி. கிங்குக்காக வந்திருப்பார்கள், கிரீனே அப்படி வந்திருக்கக்கூடியவர்தான்.

2023 அக்டோபர் 21, சனி

அமெரிக்க வரிகளைச் சுருக்கமாக முடித்தேன். 1968 டிசம்பரில் மயாமி பாப் விழா: ஏறத்தாழ 1,00,000 பேர் என்பது மூன்று நாள்களின் கூட்டுத்தொகை, மூன்று நாளும் வந்த ஒருவர் அதில் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கலாம். 1970 ஜனவரி 30 அன்று நியூ ஆர்லியன்ஸில் ‘வேர்ஹவுஸ்’ என்ற பழைய கிடங்கு இசைக்கூடமாகத் திறக்கப்பட்டபோது கிரேட்ஃபுல் டெட் குழுவும் உடன் இருந்தது. நிலையான இருக்கை இல்லாத தரை, எவ்வளவு பேரையும் கொள்ளும். பிப்ரவரி 5 முதல் 7 வரை ‘பாஸ்டன் டீ பார்ட்டி’ என்ற இசைக்கூடத்தில் வாசித்த மூன்று இரவுகள் முறையாக ஒலிப்பதிவாயின. ஐவர் அணி உச்சத்தில் இருந்த இரவுகள் அவை. மேடையில் நடந்தது ஒன்று விடாமல் கிடைக்கிறது. மேடைக்கு எதிரே எத்தனை பேர் என்பதற்கு அந்தக் காந்தநாடாவில் இடமில்லை.

2023 அக்டோபர் 28, சனி

1970 மே மாதம் கிரீன் விலகினார். 1971 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் புத்தகக் கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே சென்ற ஸ்பென்சர் திரும்பவில்லை; சில நாள் தேடியபின், ஒரு சமயக் குழுவில் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. அன்றைய நிகழ்ச்சி இரத்து. அந்த வரியின் நான்காம் பத்தியில் சுழியம் எழுதினேன். மீதிப் பயணத்தை முடித்துக்கொடுக்கக் கிரீனே வரவேண்டியிருந்தது.

1974 தொடக்கம்தான் என்னை மிகவும் குழப்பியது. பெயர் தனக்கே சொந்தம் என்று வாதிட்ட குழுவின் மேலாளர், முற்றிலும் வேறு ஆட்களைத் திரட்டி, ஃபிளீட்வுட் மேக் என்ற பெயரிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பினார். சீட்டு வாங்கியவர்கள் உண்மையானவர்கள், எண்ணிக்கையும் உண்மையானது, மேடையில் இருந்தவர்கள் மட்டும் வேறு. அந்தக் கூட்டம் எந்த அணியின் கணக்கு? வரியை நீக்காமல் மூன்றாம் பத்தியில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

2023 அக்டோபர் 29, ஞாயிறு

ஒரு வரி விட்டுப்போயிருந்தது. 1972 ஆகஸ்டில் ஓர் அமெரிக்க நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு, டேனி கிர்வன் தம் கிட்டாரைச் சுவரில் மோதி உடைத்துவிட்டு மேடையேற மறுத்தார். மற்றவர்கள் அவர் இல்லாமல் தடுமாறி வாசித்ததை, ஒலிக்கலவை மேசையருகே நின்று முழுவதும் பார்த்தார். முடிந்ததும் குறையும் சொன்னார். அத்துடன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

மேடையில் இருந்தவர்கள் என்ற பத்தியில் எழுதியிருந்த அவர் பெயரை அடித்துவிட்டு, ஆட்கள் என்ற பத்தியில் 1 என்று மையில் எழுதினேன்.