வாஷிங்டனில் தள்ளிப்போன ஊர்வலங்கள்

2001 கோடையில் வர்ஜீனியாவுக்கு வந்து இறங்கிய எனக்கு, அமெரிக்கா என்றால் ஆஃபீஸ், அபார்ட்மென்ட், சனிக்கிழமை இந்தியக் கடை, ஞாயிற்றுக்கிழமை லேன்ஹம் சிவா விஷ்ணு கோவில், அவ்வளவுதான். டாட்காம் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்தன. ஹெச்1பி விசாவில் வந்தவனுக்கு வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊர் அரசியலை ராத்திரி சாப்பாட்டோடு பேசித் தீர்க்கும் ரூம்மேட்டுகள்கூட இந்த ஊர் அரசியலைத் தொடுவதில்லை.

என் கிளையன்ட் ஆஃபீஸ் வாஷிங்டனுக்குள், ஃபாரகட் வெஸ்ட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. உலக வங்கியின் தலைமையகமும் அதே வட்டாரம். செப்டம்பர் 29, 30 தேதிகளில் வங்கிக்கும் ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நிதியத்துக்கும் ஆண்டுக் கூட்டம், எதிர்ப்பாளர்கள் ஒரு லட்சம் பேர் வரை வரலாம், கார் எடுத்துவராதீர்கள் என்று ஆகஸ்டிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. ஒரு வாரக் கூட்டத்தை இரண்டே நாளாகச் சுருக்கியிருந்தார்கள். வெள்ளை மாளிகையையும் சேர்த்துப் பல தெருக்களைச் சுற்றி வேலி போடுவதாகத் திட்டம். காரணம் இருந்தது. 1999இல் சியாட்டில் உலக வர்த்தக மாநாட்டையே போராட்டக்காரர்கள் நிலைகுலைய வைத்தார்கள். 2001 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவாவில் கார்லோ ஜூலியானி என்ற இளைஞர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்.

பக்கத்து சீட்டில் இருந்த அமெரிக்கப் பெண்மணி அந்தப் போராட்டத்துக்கான சர்ச் குழு ஒன்றில் இருந்தார். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. எனக்கு அது புதிதாக இல்லை. நர்மதை அணை விவகாரத்தில் உலக வங்கியின் பெயர் எவ்வளவு அடிபட்டது என்று நாம் படித்ததுதானே. புதிதாக இருந்தது கூட்டணிதான். ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ. தொழிற்சங்கம், சுற்றுச்சூழல்காரர்கள், சர்ச் ஆட்கள், முகத்தை மூடிய அராஜகவாத இளைஞர்கள் எல்லோரும் ஒரே ஊரில், ஒரே நாளில். நம்மூரில் இவர்களை ஒரு மேடையில் ஏற்றுவதற்குள் மேடையே உடைந்துவிடும்.

அப்புறம் செப்டம்பர் 11. பென்டகன் மேல் விழுந்த விமானம் வர்ஜீனியாவின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்திலிருந்து கிளம்பியது. நான் இந்த நாட்டில் முதலில் கால்வைத்த அதே விமான நிலையம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரும்புகை. வேலையை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் தெருவெல்லாம் கார்கள் அசையாமல் நின்றன. அன்றைய கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்குப் பிந்தைய நாட்கள்.

ஊர்வலம் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அந்தப் பெண்மணியே சொன்னார். தொழிற்சங்கம் விலகிக்கொண்டது. முக்கிய அமைப்பான மொபிலைசேஷன் ஃபார் குளோபல் ஜஸ்டிஸ் தெருப் போராட்டத்தைக் கைவிட்டது. 17ஆம் தேதி வங்கியும் நிதியமும் கூட்டத்தையே ரத்து செய்துவிட்டன. போராட்டத்துக்கென்று செய்துவைத்திருந்த பெரிய காகிதக்கூழ் பொம்மைகளை அவர் குழு ஒரு கராஜில் அடுக்கிவிட்டு மெழுகுவத்திப் பிரார்த்தனைக்குப் போனது. "இப்போ தெருவுல இறங்கி கடன்னு கத்தினா யார் காதுல விழும்? செத்தவங்க வீட்டு வாசல்ல கத்தற மாதிரி இருக்கும்" என்றார். பயம் இல்லையா என்றேன். அதுவும்தான் என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. தலைவர் யாராவது இறந்தால் நம்மூர் கட்சிகளும் ஆர்ப்பாட்டத்தைத் தள்ளிப்போடுகின்றன. ஆனால் இங்கே போராட்டத்தோடு கேள்வி கேட்பதும் நின்றுபோனது. ஜனாதிபதி புஷ்ஷை விமர்சித்துக்கொண்டிருந்த சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அந்த விளம்பரங்களை நிறுத்தியது. 14ஆம் தேதி ராணுவ பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தது பார்பரா லீ ஒருவர்தான், 420க்கு 1.

15ஆம் தேதி அரிசோனாவின் மேசா நகரில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும்தான் காரணம். எங்கள் ரூமில் ஒருத்தன் தாடியை எடுத்தான். காரில் சின்ன அமெரிக்கக் கொடி ஒட்டினோம், நாட்டுப்பற்றும் கொஞ்சம், பாதுகாப்பும் கொஞ்சம். ஜனாதிபதி 17ஆம் தேதி மசூதிக்கே போய் முஸ்லிம்களைத் தாக்காதீர்கள் என்று பேசினார். அது நல்ல காரியம். ஆனாலும் மெட்ரோவில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

போராட்டத்தைக் கைவிடாதவர்களும் இருந்தார்கள். ஆன்ஸர் என்ற கூட்டமைப்பு, தாக்குதல் நடந்த சில நாட்களுக்குள் உருவாகி, 29ஆம் தேதியை விட்டுக்கொடுக்காமல் கோஷத்தை மட்டும் மாற்றியது: போர் வேண்டாம், இனவெறி வேண்டாம். முதலாளித்துவத்தை எதிர்த்த இளைஞர்கள் தனி ஊர்வலமாக வங்கிப் பக்கம் போவதாகச் சொன்னார்கள். கோவில் கேன்டீனில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், "தம்பி, விசாவுல இருக்கே. அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே" என்றார்.

நான் போனேன். ஊர்வலத்துக்குள் இல்லை, ஃப்ரீடம் பிளாசா ஓரத்தில் காபி டம்ளரோடு, வேலைக்கு வந்தவன் மாதிரி. பல ஆயிரம் பேர். எதிரே கொடியோடு நின்று திட்டியவர்களும் உண்டு. காலையில் வங்கிப் பக்கம் போன ஊர்வலத்தின் மேல் போலீஸ் மிளகுத் தெளிப்பு அடித்தது என்று பேசிக்கொண்டார்கள். ஹிஜாப் போட்ட பெண்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரப் பாட்டிகள் நடந்தார்கள். அரேபியர்களையும் ஆசியர்களையும் தொடாதே என்ற அட்டைகளைப் படித்தபோதுதான் உறைத்தது, இது என்னைப் பற்றியும்தான் என்று. கடன் ஊர்வலமாகவே நடந்திருந்தால் நான் அந்தத் தெருவையே தவிர்த்திருப்பேன்.

இதில் கடன் தள்ளுபடிக் கோரிக்கை தொலைந்துபோனதும் நிஜம். வங்கி, நிதியம் இரண்டின் கமிட்டிகளும் நவம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் கூடின. 2002 ஏப்ரலில் வாஷிங்டனில் பெருங்கூட்டம் திரண்டது, ஆனால் போரும் பாலஸ்தீனமும்தான் அங்கே பேச்சு. தள்ளிப்போட்டவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. தள்ளிப்போட்டதை அதே பலத்தோடு திரும்ப எடுக்க முடியவில்லையே என்பதுதான் ஆதங்கம். அந்தப் பெண்மணிக்கும் அதே ஆதங்கம். பொம்மைகளை வைக்க இடமில்லாமல் வசந்தத்தில் பிரித்துப் போட்டுவிட்டார்களாம்.

2002 செப்டம்பரில் ஆண்டுக் கூட்டம் மறுபடி வாஷிங்டனுக்கு வந்தது. எதிர்ப்பாளர்கள் முன்பைவிடக் குறைவு. 27ஆம் தேதி பெர்ஷிங் பூங்காவைப் போலீஸ் சுற்றி வளைத்து, கலைந்துபோகச் சொல்லாமலேயே ஏறத்தாழ 400 பேரைக் கைது செய்தது. பல ஆண்டு வழக்குக்குப் பிறகு நகர நிர்வாகம் 82.5 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. கைதானவர்களில் வேடிக்கை பார்த்தவர்களும் வழிப்போக்கர்களும் உண்டு. நான் அப்போதும் விசாவில்தான் இருந்தேன். கோவில் பெரியவர் சொன்னது அவ்வளவு தப்பில்லை.